தமிழ்க் குடும்பங்களில் ஊட்டோட்டம்: ஒரு பன்னோக்குப் பார்வை

குழந்தை உள்ள வீட்டில் குடும்பமே சேர்ந்து செய்யத்தக்க உடற்பயிற்சி எது என்ற கேள்வி நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. விடை கண்ணெதிரே கிண்ணத்தோடு ஓடிக்கொண்டிருந்தும் அறிஞர் உலகம் அதை உடற்பயிற்சியாக எண்ணத் தவறிவிட்டது. இக்கட்டுரை அந்தப் பயிற்சிக்கு ஊட்டோட்டம் என்று பெயர் சூட்டி எடுத்துக்கொள்கிறது. கையில் பருப்புச்சாதக் கிண்ணம் ஏந்திய பெரியவர் ஒருவர், வாயை இறுக மூடிக்கொண்ட சிறியவர் ஒருவரை, ஒரு வாய் சோற்றின் பொருட்டு, கூடம், படுக்கையறை, கட்டிலடி, பால்கனி, மாடிப்படி, வாட்ச்மேன் நாற்காலி என்ற முறைவைப்பில் பின்தொடர்வதே ஊட்டோட்டம். சிறியவர் நின்றுவிட்டால் அது வெறும் ஊட்டல். பெரியவர் நின்றுவிட்டால் அது பட்டினி. இருவரும் ஒருசேர இயங்கும்போதே இலக்கணம் நிறைவுறும். வரையறை இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுதக் கூடாது என்பது பல்கலைக்கழக மரபு. வரையறுத்த பிறகு வேறெதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் அம்மரபே.

ஏனைய பயிற்சிகளை முதலில் விலக்கிவிடுவோம். டிரெட்மில்: அதன்மேல் துணி காய்வதால் ஜவுளித்துறை ஆய்வாளர்க்கு உரியது. யோகா: ஜூன் 21. குழந்தையின் சைக்கிள்: காற்று இல்லை. நீச்சல் வகுப்பு: சளி. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்து 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மதிக்கத்தக்கதே. ஆயினும் மூன்று வயதுப் பிள்ளை அதில் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு கையையும் மேலே நீட்டித் ‘தூக்கு’ என்னும். அந்த நொடியிலிருந்து அது நடைப்பயிற்சி அன்று, எடைப்பயிற்சி. துறை மாறிவிடுவதால் அதையும் விட்டுவிடுகிறோம்.

இனி அளவைகள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென 2019ல் வந்த தனி வழிகாட்டுதல் இன்னும் தாராளமானது: மூன்று, நான்கு வயதில் நாளொன்றுக்கு 180 நிமிட இயக்கம், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி. ஒரு வேளைச் சோறு இறங்க அரைமணி நேரம் என்று மிகக் குறைத்தே வைத்துக்கொண்டாலும் மூன்று வேளைக்கு ஒன்றரை மணி. வாரத்துக்கு 630 நிமிடம். உலகம் பெரியவர்களிடம் கேட்டதன் மேல்வரம்பைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். பத்தாயிரம் அடி நடந்தாக வேண்டும் என்று கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு திரிவோர், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் கிளப்பிய ஆர்வத்தில், 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே ‘மன்போ-கேய்’, அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். கருவிக்கு வைத்த பெயர் மனிதகுலத்தின் குறிக்கோளாகிவிட்டது. பின்னர் 2019ல் ஐ-மின் லீ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடி வாக்கில் அந்தப் பயன் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. அவ்வாய்வில் பங்கேற்றவர்கள் சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்மணிகள், அதாவது பாட்டிகள். அவர்கள் கையில் கிண்ணம் இருந்ததா என்பதைக் கட்டுரை பதிவு செய்யவில்லை. வேறெந்த விதத்திலும் சிறப்பான அந்த ஆய்வில் இதுவொன்றே பெருங்குறை.

ஊட்டோட்டத்தின் தொன்மையை நிறுவுவது எளிது. எதையும் சங்க இலக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டால் ஆய்வு பாதி முடிந்தது; வேறெங்கும் தேடாமல் விட்டால் மீதியும் முடிந்துவிடும். நற்றிணை 110ஆம் பாடல் போதனார் பாடியது, பாலைத் திணை. அதில் நரைத்த கூந்தலையுடைய முதிய செவிலியர் தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஒரு கையிலும், அச்சுறுத்தும் சிறுகோலை இன்னொரு கையிலும் ஏந்தி, ‘குடி’ என்று சிறுமியைத் துரத்துகிறார்கள். அவள் முத்துப் பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பாய்ந்து பந்தலுக்குள் ஓடிவிடுகிறாள். செவிலியர் ஓட்டம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். அறிவியல் நோக்கில் இப்பாடலின் செறிவு வியப்பூட்டுகிறது. பயிற்சியின் கடுமை (ஓட்டம் தளர்தல்), ஓடுகளம் (பந்தல்), அடி எண்ணும் கருவி (சிலம்பு), ஊக்கப் பானம் (தேன்பால்) அனைத்தும் சில அடிகளுக்குள் பதிவாகியுள்ளன. சிலம்பைக் கருவி என்றது மிகை என்பாரும் உளர். அடிக்கு அடி ஒலிப்பது அடி எண்ணும் கருவி அன்றெனில், ஜப்பானியர் இடுப்பில் செருகியது மட்டும் எப்படி ஆகும் என்று அவர்களைக் கேட்கிறோம். இன்னும் வியப்பு பாடலின் பிற்பகுதி. அதே பெண் மணமாகிக் கணவன் வீட்டில் வறுமை வந்துற்றபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினையாமல் வேளை தவறவிட்டு உண்கிறாள். இன்று செயலியில் பணம் கட்டிப் பயிலும் இடைவெளிவிட்டு உண்ணும் முறை இதுவே என்று ஒரு சாரார் ஆய்வரங்குகளில் முழங்கக்கூடும். அவள் உண்ணாதது வீட்டில் இல்லாததால் என்ற சிறு விவரம் அம்முழக்கத்துக்கு இடையூறாகாது. வறுமையைத் தத்துவமாகவும் பசியை மரபாகவும் பெயர்த்தெழுதிய கட்டுரைகளுக்கு நம் நூலகங்களில் எக்காலத்தும் பஞ்சமிருந்ததில்லை.

எதிர்க்கட்சியும் சங்க காலத்திலேயே உண்டு. புறநானூறு 188இல் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தை ஓடவில்லை. சின்னஞ்சிறு நடை நடந்து வந்து, கைநீட்டி, கலத்துச் சோற்றைத் தரையில் இட்டு, தோண்டி, வாயால் கவ்வி, கையால் துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. குழந்தை தானே எடுத்து உண்ணட்டும் என்று கில் ராப்லி என்ற ஆங்கிலேயப் பெண்மணி அண்மைக் காலத்தில் பரப்பிய ‘பேபி லெட் வீனிங்’ முறை இதுதான் என்று சொல்லாமலே விளங்கும். ஆகத் துரத்தி ஊட்டுவது அகம், தானே உண்ணவிடுவது புறம் என்ற பாகுபாடு பிறக்கிறது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதற்கும் விருந்தாளி முன் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது என்று உரை கூறிக்கொள்க. புறக்கட்சியின் வாதத்தில் ஒரு குறை மட்டும் உண்டு. பாடியவர் அரசர். நெய்ச்சோறு பூசிய தரையை மறுநாள் துடைத்தவர் யார், அவருக்கு இக்காட்சி இன்பமாயிருந்ததா என்பது பற்றிப் பாடலில் செய்தி இல்லை. துடைத்தவர் எழுதிய புறநானூறு நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து உத்திகள். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி முதலாகப் பத்துப் பருவங்கள் உண்டு; ஊட்டற்பருவம் இல்லை. நாளில் மூன்று வேளை நிகழும் ஒன்றைப் பாட்டியல் நூலார் இந்தப் பத்தில் சேர்க்காததேன் என்று கேட்டால், அந்நூலார் எல்லாரும் ஆடவர், அந்நேரம் இலையின் முன் அமர்ந்திருந்தவர் என்பதன்றி வேறு காரணம் காண இயலவில்லை. எனினும் அம்புலிப் பருவத்துள் அது மறைந்து கிடக்கிறது என்பது எம் துணிபு. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கையில் புலவர்கள் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வர். நிலாவை எதற்கு அழைக்க வேண்டும்? சோறூட்ட. உபாயம் நான்கும் யாருக்கு? நிலாவுக்கு அல்ல, நிலா வாய் திறக்க வேண்டிய தேவையில்லை. எனவே இவை குழந்தைக்கே உரியவை. ஏடெழுதியோர் பெயரை மாற்றிவிட்டனர். சாமமாவது, ‘என் தங்கம்ல, என் ராஜால்ல, ஆ காட்டு’ என்பது. தானமாவது, ‘இதச் சாப்டுட்டா கார் பொம்மை’ என்பது. பேதமாவது, ‘போ, காக்காவுக்குப் போட்டுடறேன், அந்த எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துடறேன்’ எனப் பகை மூட்டுவது. எதிர்வீட்டில் அதே நேரத்தில் இவ்வீட்டுக் குழந்தையைக் காட்டி அதே பேதம் செய்யப்படுவதால், இரண்டு குழந்தைகளுக்கும் இடையே இளமையிலேயே ஓர் அயலுறவுக் கொள்கை உருவாகிறது. தண்டமாவது, பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் ஆகிய மூவரில் ஒருவரை அழைப்பது. மூவரும் வந்ததில்லை என்பதைக் குழந்தை மூன்று வயதுக்குள் கண்டறிந்துவிடுகிறது. அதன்பின் தண்டம் வெறும் செய்யுள் வழக்கு. நான்கு உபாயமும் பயன்படாதவிடத்து ஐந்தாவதாகச் செல்போன் உண்டு. அதை நூலோர் ஏற்பதில்லை. அதற்குத் தனியே வருவோம்.

இவ்வாராய்ச்சியின் நெற்றிக்கண் எனத்தக்கது கடைசி வாய்ச் சிக்கல். ‘இதுதான் கடைசி வாய்’ என்னும் அடுக்களைச் சூத்திரம் ஒரு வேளைச் சோற்றில் பலமுறை ஓதப்படுகிறது. கடைசி என்றபின் இன்னொன்று வருமாயின் முன்னது கடைசி அன்று. முன்னது கடைசியாயின் பின்னது சோறு அன்று. இம்முரணைத் தீர்க்க உரையாளர் பலர் முயன்றுள்ளனர். பாட்டி உரை, ‘பிள்ளை வயிறு நிறைவது ஒன்றே கணக்கு, எண்ணுவது கண்ணேறு’ என்று சுருங்க உரைத்து நகர்கிறது. மாமியார் பாடம் சூத்திரத்தை ‘இன்னும் ஒரே வாய்’ என்று கொள்ளும். மருமகள் பாடம் ‘அவ்ளோதான்மா, முடிஞ்சுது’ என்று கொள்ளும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே குழந்தையை நோக்கி ஓதப்படுவதால் பாடபேதம் வாய்த்தகராறாக முற்றுவதும் உண்டு. மூலபாடம் காணப் பிரதிகளை ஒப்பிட்டோம். பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துப் பிரதி மஞ்சள் கறை படிந்தது. ‘கடை’ வரை வாசிக்க இயல்கிறது, எஞ்சியதை ரசம் கொண்டுபோய்விட்டது. தினத்தாள் காலண்டரின் பின்புறப் பிரதி நல்லநேரம், எமகண்டத்தோடு கலந்துவிட்டபடியால் எது சூத்திரம், எது ராகுகாலம் என்று பிரிக்க முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிய பிரதியில் குழந்தையே சிவப்புப் பென்சிலால் உரை எழுதியிருக்கிறது. வட்டமாகச் சுழன்று மேலேறும் அவ்வுரை காகிதத்தைத் தாண்டிக் கதவிலும் தொடர்வதால் இன்றுவரை பதிப்பிக்கப்படவில்லை. பிரதிகள் கைவிட்ட இடத்தில் உரைமரபு கைகொடுக்கிறது. முல்லைப்பாட்டின் சொற்களை நச்சினார்க்கினியர் தொலைவிலிருந்தெல்லாம் பெயர்த்து வந்து கூட்டிப் பொருள்கொண்டதை மறைமலையடிகள் கடுமையாக மறுத்தார். மறுப்பு செய்யுளுக்குப் பொருந்தலாம். சோற்றுக்கு அந்த முறையே சரி. மூன்றாம் வாயில் ஓதிய ‘கடைசி’யைப் பெயர்த்து, மாட்டு என்னும் உத்தியால் பதினோராம் வாயோடு கொண்டுபோய்க் கூட்டினால் முரண் ஒழிகிறது. இடையில் உள்ள ஏழு வாயும் இடைப்பிறவரல். தாய் பொய் சொல்லவில்லை. மொழிமாற்றிப் பொருள்கொள்ளக் குழந்தைக்குத்தான் தெரியவில்லை.

இனித் தடைகளுக்கு விடை. முதல் தடை உணவியலார் எழுப்புவது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த பொறுப்புப் பிரிவினைப்படி எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெரியவர் தீர்மானிக்க வேண்டும்; உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கும். பசி வந்தால் உண்ணும், நிறைந்தால் நிறுத்தும். திணிக்கத் திணிக்கத் தன் பசியையும் நிறைவையும் தானே அறியும் பழக்கம் மங்கும் என்பது அவர் கருத்தின் சாரம். இதை மறுக்க எம்மிடம் சான்று எதுவும் இல்லை. ஆகவே வன்மையாக மறுக்கிறோம். இம்முறை வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தை ஓரிடத்தில் அமர்ந்து, பதினைந்து நிமிடத்தில் உண்டு, எழுந்துபோய்விடும். பல நூற்றாண்டு மரபு ஒரே வாரத்தில் அழியும். நாலு மணிக்குப் பிஸ்கட், நாலரைக்குப் பால், ஐந்துக்கு முறுக்கு என்று கொடுத்துவிட்டு ஏழு மணிக்குச் சாதத்தோடு துரத்தும் அரிய கட்டமைப்பு வேரோடு சாயும். பசியில்லாத குழந்தை இல்லாமல் ஊட்டோட்டம் இல்லை. பிஸ்கட் இல்லாமல் பசியில்லாத குழந்தை இல்லை. இதைக் காரணகாரியம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் பண்பாடு என்கிறோம்.

இரண்டாம் தடை செல்போன். குழந்தைகளுக்கான மேற்சொன்ன 2019 வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டவே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்குமேல் கூடாது, குறைந்தால் நல்லது. நாட்டு நடப்போ வேறு. திரை மின்னுகிறது, குழந்தையின் கண் அசைவதில்லை, கரண்டி அருகில் வந்ததும் வாய் மட்டும் தானே திறந்து மூடுகிறது. உண்டது பருப்பா பாகற்காயா என்று கேட்டால் குழந்தைக்குத் தெரியாது. ஊட்டுபவர் முழங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டார். ஓடுகளம் வெறிச்சோடிவிட்டது. 630 நிமிடம் ஒரே கருவியால் பூஜ்யமாகிவிட்டது. வேளாவேளைக்குச் சோறு இறங்குகிறதே என்போருக்கு ஒன்று சொல்வோம்: இறங்குவது உண்மை, உண்டவர் யார் என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் உணவியலாரும் நாமும் ஒரே பக்கம் நிற்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம். ஆய்வாளர் இருவர் ஒத்துப்போவது துறைக்கு நல்லதல்ல.

மூன்றாம் தடை தந்தையைப் பற்றியது. குடும்ப உடற்பயிற்சி என்கிறீர்களே, அவர் எங்கே என்பது கேள்வி. சோபாவில் என்பது விடை. இதற்கு உலகத்தரமான சான்று ஒன்று 1953ல் லான்செட் இதழில் வெளியானது. ஜெரமி மாரிஸும் அவர் குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களையும், மாடிப்படி ஏறியிறங்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு கண்டக்டர்களிடம் குறைவாக இருந்தது. கிண்ணத்தோடு படியேறுபவர் கண்டக்டர், ரிமோட்டோடு அமர்ந்தவர் டிரைவர் என்று கொண்டால் நம் கருத்து நிலைபெறுகிறது. லண்டன் டிரைவருக்காவது வண்டி நகர்ந்தது என்ற ஒரு வேறுபாடு தவிர. அமர்ந்ததால்தான் நோய் வந்ததா, நோய்க்கு உரியவர்தான் அமர்ந்தாரா என்று கேட்பாருக்கும் மாரிஸே இடம் கொடுத்தார். 1956ல் சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, டிரைவர்களின் இடுப்புச் சுற்று வேலைக்குச் சேரும்போதே அதிகமாயிருந்தது தெரிந்தது. நேர்மையான ஆய்வாளர் தம் முடிவுக்கு எதிரான தரவைத் தாமே தேடிப்போவார் என்பதற்கு இது சான்று. நம்மிடையே இவ்வழக்கம் பரவாமலிருப்பது கட்டுரைகள் விரைவாக வெளிவர உதவுகிறது. முகூர்த்தப் பட்டுவேட்டியில் இடுப்பளவு தெரியாது என்பதால் தமிழ்த் தந்தையரைப் பற்றி இதே சோதனையைச் செய்ய வழியில்லை. அவர்களும் ஊட்டோட்டத்தில் கலந்துகொண்டால் பயன் இரட்டிக்குமே என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. ‘என்கிட்ட சாப்பிட மாட்டேங்குறான்’ என்ற விடையோடு அது அடங்கிவிடுகிறது. எத்தனை முறை முயன்றபின் இவ்விடை எட்டப்பட்டது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் மிதமாக நடந்தால் ஏறத்தாழ 90 கலோரி செலவாகும். கிண்ணத்தில் மிஞ்சியது ஐந்தாறு வாய்; பருப்பும் சோறும் போக, ஊற்றிய ஒரு டீஸ்பூன் நெய் மட்டுமே 45 கலோரி. அதைக் கீழே கொட்ட மனம் வராது. சோற்றைக் கொட்டுவது பாவம் என்று நான்கு தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நின்றவாக்கில், சிங்க்குக்குப் பக்கத்தில், வழித்து வாயில் போட்டுக்கொண்டுதான் கிண்ணம் கழுவப்படுகிறது. ஓடிச் சேர்த்த பயன் முழுவதும் அங்கேயே செலவாகிவிடுகிறது. சில நாளில் பற்றும் வைக்க வேண்டியிருக்கிறது. மூன்று வேளையும் ஓடியும் எடை குறையவில்லையே என்று மருத்துவர் முன் அவர் நிற்கையில், ‘தினம் கொஞ்சம் நடங்கம்மா’ என்று எழுதிக் கொடுக்கப்படுகிறது. தட்டில் தனக்கென்று போட்டு உட்கார்ந்து அவர் உண்டாரா என்ற கேள்வி சீட்டில் இடம்பெறுவதில்லை. பொற்கலத்தில் மிஞ்சிய தேன்பாலைச் செவிலியர் என்ன செய்தனர் என்று போதனாரும் சொல்லவில்லை. இது குறித்து விரிவான கருத்தரங்கு ஒன்று தேவை. கட்டுரையாளர்களுக்கு மதிய உணவு உண்டு. வரிசையில் நின்று தாமே எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைக்க வேண்டும் என்பதால் ஆடவர் பதிவு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.